இப்போதைக்கு அக்காவும் தொட்டில் தராசும்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் ஆள் கிடைக்கமாட்டாள். "இப்போதைக்கு அக்கா எங்கே?" என்று கேட்டால் வாசல் காவலாளிகூட எழுந்து வந்து வழி காட்டுவார். கீழ்த்தளத்தில், துணி துவைக்கும் இடத்துக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவே ஜன்னலே இல்லாத ஓர் அறை. ஒரு பக்கம் சோப்பு வாசனை, மறுபக்கம் மருந்து நெடி, நடுவில் ஈயம் உருக்கி ஒட்டுகிற சால்டர் புகை. அங்கேதான் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்து ஆஸ்பத்திரியின் கருவிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டப்பெயர் சும்மா வந்ததில்லை. எந்த வார்டிலிருந்து எது கெட்டுப்போய் வந்தாலும் திறந்து பார்ப்பாள், உள்ளே இருக்கிற பாகம் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும் என்று தெரியும், அது வர மாசக்கணக்காகும் என்பதும் தெரியும். உடனே ஒரு மாற்று வழி கண்டுபிடித்துவிடுவாள். "இப்போதைக்கு இப்படி ஓடட்டும், சாமான் வந்ததும் சரியா மாத்திடறேன்." இந்த ஒரு வாக்கியத்தில் பாதி ஆஸ்பத்திரி ஓடிக்கொண்டிருந்தது என்றால் மிகையில்லை. அவள் கைராசியைக் குறை சொல்கிறவர்கள் யாரும் அவள் இல்லாத ஒரு வாரத்தைப் பார்த்ததில்லை.

வீட்டிலும் அதே கதைதான். மிக்ஸியை ஓடவைக்கப் பேனா முனையால் ஒரு துளைக்குள் குத்த வேண்டும். குளியலறைத் தாழ்ப்பாளுக்குப் பதில் ஒரு கரண்டி. அவள் புருஷன் தையல்காரர், வாய் கொஞ்சம் நீளம். "என்னைக் கட்டிக்கிட்டதாவது நிரந்தரமா, இல்லை அதுவும் இப்போதைக்குத்தானா?" என்று கேட்பார். "சாமான் வந்ததும் மாத்திடறேன்" என்பாள் அவள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

எடை குறைந்து பிறந்த குழந்தைகளின் வார்டில் ஒரு தராசு இருந்தது. குழந்தையைப் படுக்கவைக்கத் தொட்டில் மாதிரி வளைந்த தட்டு, கீழே ஒரு பெட்டி, முன்னால் சிவப்பு எண்கள். குழந்தையின் பாரத்தில் தட்டுக்கு அடியில் இருக்கும் உலோகத் துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். வளைகிறபோது துளியூண்டு மின்சாரம் மாறும். அந்தத் துளியைப் பெருக்கிக் கொடுக்கிறது எட்டுக்கால் சிப் ஒன்று. ஒரு கிலோவுக்கு இரண்டு வோல்ட் என்ற கணக்கில் அது பெருக்கிக் கொடுப்பதைத்தான் சிவப்பு எண்கள் கிலோவாகக் காட்டும்.

சில வாரங்களுக்கு முன்னால் தராசு அணைந்துபோய்க் கீழே வந்தது. திறந்து பார்த்தாள். அந்தச் சிப்புக்குப் பன்னிரண்டு வோல்ட் கொடுக்கிற சின்னப் பாகம் கருகியிருந்தது. எண்களுக்கும் உலோகத் துண்டுக்கும் போகிற ஐந்து வோல்ட் நன்றாகவே இருந்தது. கருகிய பாகத்துக்குக் கைவசம் மாற்று இல்லை. வார்டில் இருப்பதோ ஒரே தராசு. அவள் என்ன செய்தாள் என்றால், அந்தச் சிப்பையும் ஐந்து வோல்ட்டிலேயே கோத்துவிட்டாள். ஒரு சிவப்பு ஒயர், இரண்டு சொட்டு ஈயம், வேலை முடிந்தது. தப்பாகவும் படவில்லை. மூன்று வோல்ட்டிலிருந்தே அந்தச் சிப் வேலை செய்யும் என்று அதைச் செய்தவர்களே அச்சடித்திருக்கிறார்கள்.

அவளிடம் இரண்டு பித்தளை எடைக்கற்கள் இருந்தன. ஒன்று ஒரு கிலோ, இன்னொன்று இரண்டு கிலோ. இரண்டு கிலோக் கல்லைக் கால் பயிற்சி கொடுக்கிற அறைக்காரர்கள் இரவல் வாங்கிப்போய்ச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். அதனால் ஒரு கிலோவை மட்டும் வைத்துப் பார்த்தாள். ஒரு கிராம்கூடப் பிசகாமல் ஒரு கிலோ காட்டியது. 'சரி பார்க்கப்பட்டது' என்று ஒட்டி, மேலே அனுப்பிவிட்டாள். புதுப் பாகம் பத்து நாளில் வந்தும் சேர்ந்தது. அதற்குள் வேறு நாலு கருவிகள் அவள் மேஜைக்கு வந்துவிட்டன. நன்றாக ஓடுகிற தராசை யார் திறக்கப்போகிறார்கள்? பாகம் மேஜை இழுப்பறைக்குள் தூங்கியது.

அன்றைக்குக் காலையில் அவள் அந்த வார்டுக்குப் போனது தராசுக்காக இல்லை. குழந்தைகளுக்குச் சூடு கொடுக்கும் விளக்கு ஒன்று மினுக்குகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். ஸ்டூலில் ஏறி நின்று விளக்கைக் கழற்றும்போது கீழே சிஸ்டர் ஒரு குழந்தையைத் தராசில் போட்டாள். பெண் குழந்தை. காலை உதைத்துக்கொண்டு, ஊரையே கூட்டுகிற மாதிரி கத்தியது. பக்கத்தில் அதன் அம்மா, இருபத்திரண்டு இருபத்துமூன்று வயசுப் பெண், மூச்சைப் பிடித்துக்கொண்டு சிவப்பு எண்களையே பார்த்தாள்.

ஒன்று எண்ணூற்று முப்பது.

"நேத்து முப்பத்தஞ்சு. அதுக்கு முந்தின நாள் இருபத்தஞ்சு. ஒரு வாரமா இதே இழவுதான்" என்று உச்சுக்கொட்டினாள் சிஸ்டர். வார்த்தை தடித்ததே தவிர, குரலில் வருத்தம்தான் இருந்தது. அந்த வார்டில் எடை இரண்டு கிலோவைத் தொட்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள். அதுதான் சட்டம். மற்ற குழந்தைகள் எல்லாம் இன்னும் ஒன்றரைக்குக் கீழே, தினமும் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தன. இவள் ஒருத்திதான் எல்லாரையும் முந்தி வந்து, வாசல் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

டாக்டர் வந்தார். இளவயசுக்காரர், பொறுமையானவர். குழந்தையின் குதிகாலில் ஏற்கெனவே மூன்று முறை ஊசி குத்தி ரத்தம் எடுத்தாயிற்று, ஒரு குறையும் தெரியவில்லை. "காலையிலிருந்து டப்பா பாலும் சேர்த்துக் குடுக்கச் சொல்லியிருக்கேன். ஆனா இன்னும் தள்ளிப்போட முடியாதும்மா. சாயங்காலம் வண்டியில பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம். குடல்ல ஏதாவது கோளாறான்னு அவங்க பாப்பாங்க."

"நானும் கூட இருக்கலாமா?" என்றாள் அம்மா.

"அங்கே உள்ளே விடமாட்டாங்க. கண்ணாடிக்கு வெளியே நின்னு பாக்கலாம்."

கதவருகே நின்ற அந்தப் பெண்ணின் நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. பால் டப்பாவும் பையுமாக விடிகாலையிலேயே வந்து நிற்கிற மனுஷி. பாசத்துக்குக் குறைவில்லை. வாய்தான் நிற்காது. "நான் அன்னைக்கே சொன்னேன். இவ சாப்பிடற சாப்பாட்டுக்குப் பால்ல என்ன சத்து இருக்கும்? தண்ணியாத்தான் இருக்கும். பிள்ளை வாய் ஓயாம குடிக்குது, உடம்புல ஒட்டலையே."

அந்தப் பெண் கையை நீட்டினாள். குழந்தையை வாங்கி மார்போடு அணைத்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, பால் கொடுக்காமல் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். ஸ்டூல் மேலிருந்த நம் அக்கா விளக்கை மறந்து அதையே பார்த்தாள். இரண்டு பிள்ளை பெற்றவள் அவளும்.

சிஸ்டருக்குத் திடீரென்று தோன்றியது. "அக்கா, இந்தத் தராசு சரியாத்தானே இருக்கு?"

அந்தப் பெண் சட்டென்று தலையை நிமிர்த்தினாள். அந்த வாரத்திலேயே அவள் முகத்தில் நம்பிக்கை வந்தது அந்த ஒரு நிமிஷம்தான் இருக்கும். அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கினாள். பையிலிருந்து ஒரு கிலோக் கல்லை எடுத்துத் துடைத்துத் தட்டில் வைத்தாள். எண்கள் ஓடி நின்றன. ஒன்று, பக்கத்தில் மூன்று பூஜ்யம்.

"பாத்தீங்களா? ஒரு கிராம் பிசகலை."

வேலையில் இருக்கிற பெருமை குரலில் வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அவள் தலை பழையபடி குனிந்திருந்தது. இனி சந்தேகப்பட எதுவும் மிச்சமில்லை, குறை என்னிடம்தான் என்று தீர்ப்பு எழுதிக்கொண்டவள் மாதிரி இருந்தாள்.

மதியம் சாப்பிட அக்கா வழக்கம்போல புருஷன் கடைக்குப் போனாள். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் ஒரு பெட்டி அளவு கடை. துணிக்கட்டைத் தள்ளி டிபன் டப்பாவைத் திறந்தாலும் சோறு இறங்கவில்லை. கடையில் ஒரு வாடிக்கைக்காரர் புதுப் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினார். "அச்சு வார்த்த மாதிரி இருக்கு. பொட்டலம் கட்டுங்க."

"கொஞ்சம் இருங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க."

"எதுக்குங்க? அதான் சரியா இருக்கே."

"நின்னா எல்லா பேண்ட்டும் சரியாத்தான் இருக்கும். உக்காந்தாத்தான் தொடையில பிடிக்கும். தையல் விடுறதும் அங்கேதான்."

வாடிக்கைக்காரர் உட்கார்ந்தார். தொடை பிடித்தது. முகத்தைச் சுளித்தார்.

அக்காவின் கை டப்பாவிலேயே நின்றுவிட்டது. ஒரு கிலோவில் சரியாக இருந்தது. சரி. ஒன்று எண்ணூறில் யார் வைத்துப் பார்த்தது? இரண்டு கிலோவில் யார் வைத்துப் பார்த்தது? சிவப்பு ஒயர் நினைவுக்கு வந்தது. அந்தச் சிப் ஐந்து வோல்ட்டில் ஓடும், வாஸ்தவம்தான். ஓடுவது வேறு, எட்டுவது வேறு. தனக்குக் கொடுத்த வோல்ட்டின் உச்சி வரைக்கும் அதால் ஏற முடியாது. ஒன்றே கால், ஒன்றரை வோல்ட் கீழேயே அதற்குத் தலை இடித்துவிடும். பன்னிரண்டு கொடுத்தபோது பத்து வரைக்கும் தாராளமாக ஏறியது. ஐந்து கொடுத்தால்?

கிலோவுக்கு இரண்டு வோல்ட். மனசுக்குள் பெருக்கி முடிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சாப்பாடு?" என்று கத்தினார் புருஷன்.

"நீங்களே சாப்பிடுங்க!"

நேராகக் கால் பயிற்சி அறைக்கு ஓடினாள். அங்கே ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, கணுக்காலில் கட்டிய அவளுடைய இரண்டு கிலோக் கல்லை முக்கி முனகித் தூக்கிக்கொண்டிருந்தார். "ஐயா, இப்போதைக்குக் காலை இறக்குங்க" என்று சொல்லிக்கொண்டே குனிந்து கட்டை அவிழ்த்தாள். "மகராசி, நல்லா இரு" என்றார் பெரியவர், கஷ்டம் விட்டது என்று.

வார்டில் மதிய நேரத்து அமைதி. சாயங்காலம் போக வேண்டிய குழந்தையின் துணிகளை அந்தப் பெண் மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா யாரிடமும் பேசாமல் இரண்டு கிலோக் கல்லைத் தட்டில் வைத்தாள்.

ஒன்று எண்ணூற்று முப்பது.

மேலே ஒரு கிலோக் கல்லையும் வைத்தாள். ஒன்று எண்ணூற்று முப்பது. கையால் அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. மூன்று கிலோவும் ஒன்றுதான், முப்பது கிலோவும் ஒன்றுதான் என்று அந்தச் சிவப்பு எண்கள் வெட்கமில்லாமல் நின்றன. பக்கத்தில் வந்த சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நம் அக்காவுக்கு உடனே அந்த ஒயரை வெட்டிப் போட வேண்டும் போலிருந்தது. ஆனாலும் அவசரப்பட்டு இன்னொரு தப்பு செய்துவிடக்கூடாது. தராசை வாரி எடுத்துக்கொண்டு கீழே போனாள், பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதலில் சிப்புக்குள் நுழைகிற இரண்டு கால்கள். இரண்டிலும் சுமார் இரண்டரை வோல்ட். ஐந்து வோல்ட்டில் ஓடுகிற சிப் உள்ளே மூன்றரை வரைக்கும் தாங்கும். ஆக, நுழைகிற இடத்தில் தகராறு இல்லை. உலோகத் துண்டும் குற்றவாளி இல்லை, பாரம் ஏற ஏற ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்புறம் வெளியே வருகிற கால். ஒரு கிலோவுக்கு இரண்டு வோல்ட், சரி. இரண்டு கிலோவுக்கு நாலு வந்திருக்க வேண்டும். மூன்று புள்ளி ஆறு சொச்சத்தில் முட்டிக்கொண்டு நின்றது. கரண்டு கொஞ்சம் கூடிக் குறைகிறபோது அதுவும் ஒரு நூலளவு கூடும், குறையும். அதைத்தான் தினமும் அஞ்சு கிராம் ஏறுது, பத்து கிராம் இறங்குது என்று எழுதி வைத்துக்கொண்டு ஒரு வார்டே கவலைப்பட்டிருக்கிறது.

கடைசியாகச் சிப்புக்கு வருகிற மின்சாரத்தில் மீட்டரை வைத்தாள். ஐந்து. எதிரே அவள் கையால் கோத்த சிவப்பு ஒயர். அழகாகத்தான் சால்டர் வைத்திருந்தாள்.

இழுப்பறையைத் திறந்தாள். மூன்று கால் உள்ள சின்னக் கறுப்புப் பாகம், வந்த உறையோடு கிடந்தது. அதை எடுக்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு, ஒயரை வெட்டி, பாகத்தைப் பொருத்தினாள். பன்னிரண்டு வந்தது. ஒரு கிலோ, இரண்டு கிலோ, இரண்டும் சேர்ந்து மூன்று கிலோ. எல்லாம் சரி. அதோடு விடவில்லை. துணி துவைக்கும் இடத்திலிருந்து சோப்புக் கட்டிகளை வாங்கிவந்து அடுக்கி, ஒன்றரையிலும் ஒன்றே முக்காலிலும்கூட வைத்துப் பார்த்தாள். அப்புறம்தான் மேலே ஏறினாள்.

சிஸ்டர் குழந்தையைத் தட்டில் படுக்கவைத்தாள். எண்கள் ஓடின. ஒன்று எண்ணூற்று முப்பதைத் தாண்டின. ஒன்று தொள்ளாயிரத்தைத் தாண்டின. இரண்டு கிலோ எழுபது கிராமில் வந்து நின்றன.

அந்தப் பெண் எண்களைப் பார்த்தாள், சிஸ்டரைப் பார்த்தாள், ஒன்றும் புரியாமல் மறுபடியும் எண்களைப் பார்த்தாள். வாசலில் நாத்தனாரின் குரல் கணீரென்று கேட்டது. "பாத்தியா? ஒரு வேளை டப்பா பால் உள்ளே போனதும் எப்படி ஏறியிருக்கு பாத்தியா? இதைத்தானே தலையால அடிச்சிக்கிட்டேன்!" வராந்தாவில் இருந்த தம்பிக்குச் சொல்ல அவள் ஓடினாள்.

சிஸ்டர் அக்காவை ஓரமாக இழுத்தாள். "சரி பண்ணிட்டீங்கல்ல? விடுங்கக்கா. குழந்தை வீட்டுக்குப் போகப்போகுது, எல்லாருக்கும் சந்தோஷம். யார் கேக்கப் போறா? நீங்களா போய் மாட்டிக்காதீங்க."

கரிசனத்தோடுதான் சொன்னாள். அக்காவுக்கும் அது பெரிய ஆசையாகத்தான் இருந்தது. பதினெட்டு வருஷ வேலை. அந்தச் சிவப்பு ஒயர் குப்பைக்கூடையில் கிடக்கிறது, அதற்குச் சாட்சி கிடையாது. ஆனால் அந்தப் பெண் குழந்தையைத் தூக்கி, நாத்தனார் வைத்துவிட்டுப் போன பால் புட்டியைத் தானே எடுத்து அதன் வாயில் வைத்ததைப் பார்த்தாள். இனிமேல் இவள் மார்பில் போடமாட்டாள் என்று அக்காவுக்கு விளங்கிவிட்டது.

முதலில் டாக்டரிடம் போனாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "குழந்தை துறுதுறுன்னு இருக்கா, நல்லாக் குடிக்கிறா, எல்லாம் நானும் பாத்தேன். இருந்தும் நம்பர் ஏறலையேன்னுதான் பயந்தேன்" என்றார். பெரிய ஆஸ்பத்திரி வண்டியை வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். "நீங்க எழுதிக் குடுக்க வேண்டியிருக்கும்." "குடுக்கறேன் சார்." அவள் வேலை என்னாகும் என்று இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது.

அப்புறம் அந்தப் பெண்ணிடம் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, குழந்தை இன்னைக்கு ஒரே நாள்ல ஏறலை. ஒரு வாரமாவே ஏறிக்கிட்டுத்தான் இருந்திருக்கா. தராசு ஒரு அளவுக்கு மேல காட்டாம நின்னுபோச்சு. நான்தான் அதைத் தப்பா சரி பண்ணினேன். காலையில உங்க முன்னாடியே கல்லை வெச்சு சரின்னு சொன்னதும் தப்பு. அதுக்குப் பெரிய கல்லை வெச்சுப் பாத்திருக்கணும். என்னை மன்னிச்சிடுங்க."

அந்தப் பெண் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"அப்போ," என்றாள் அந்தப் பெண் மெல்ல, "நான் குடுத்த பால் எல்லாம் இவளுக்குப் போய்ச் சேந்துதா?"

"சேந்துதும்மா. ஒரு சொட்டு வீணாகலை. டப்பா பால் இன்னைக்கு ஒரு வேளைதானே."

அவள் புட்டியைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "இதை என்கிட்ட சொன்னா மட்டும் பத்தாது. வெளியே வந்து அவங்ககிட்ட சொல்லுங்க."

வராந்தா பெஞ்சுகளில் அந்த நேரத்துக்கு நல்ல கூட்டம். நாத்தனார், அந்தப் பெண்ணின் புருஷன், பார்வையாளர்கள், டீக்காரர். அந்தப் பெண் குழந்தையோடு முன்னால் நடந்தாள். வேறு வழியில்லை, அக்கா பின்னாலேயே போனாள். எல்லார் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னாள்:

"இவங்க பால்ல எந்தக் குறையும் இல்லைங்க. ஒரு வாரமா பிள்ளை நல்லா ஏறியிருக்கு, தராசுதான் காட்டலை. அதைக் கெடுத்தது நான்."

புருஷன்காரன் எழுந்து அக்காவை முறைத்தான். அப்புறம் பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததும் நகர்ந்து வழி விட்டான். நாத்தனார் அருகே வந்து தம்பி பெண்டாட்டியின் தலையைத் தடவினாள். "வாய்க்கு வந்ததை எல்லாம் பேசிட்டேனே. ஏண்டி, நீயாவது எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எனக்கு மட்டும் என்ன தெரியும் அண்ணி?" என்றாள் அவள். குழந்தையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினாள். "ஒரு வாரமா இவளைத் தூக்கினா கை வலிச்சுது. என் உடம்புல தெம்பு இல்லாமத்தான் வலிக்குதுன்னு நினைச்சேன்."